யந்திரச் செவியும் அயலார் நாவும்

ஒல்லாந்து தேசத்திலே, ஹேக் நகரை அடுத்த கடற்கரையில், ஸ்ஹேவெனிங்ஙன் என்றோர் ஊர் உண்டு. நான் இங்கே தமிழெழுத்தில் எழுதிக் காட்டியது அப்பெயரின் நிழல் மாத்திரமே. முதலில் ஸகரத்தை ஒலித்து, இடையில் நிறுத்தாமல், தொண்டையிற் சளி கட்டியவர் காறுவது போன்றதோர் ஓசையை அதனோடு ஒட்டி, அதன் பின்னரே மிச்சத்தைச் சொல்லுதல் வேண்டும். ஜெர்மானியர்க்கு இது எளிதில் வாய்ப்பதில்லை. அவ்வெழுத்துகளைக் கண்டவுடன் அவர்தம் நா 'ஷ' என்றே புரளும். 1940 ஆம் ஆண்டிலே ஜெர்மானியப் படை ஒல்லாந்தினுட் புகுந்தபொழுது, வேற்று வேடம் பூண்டு வந்த பகைவரை இனங்காண்பதற்காக இவ்வூர்ப் பெயரைச் சொல்லும்படி கேட்டார்கள் என்று ஒல்லாந்தர் இன்றும் கதை சொல்வதுண்டு.

இத்தகைய கதை புதியதன்று. விவிலியத்திலே, நியாயாதிபதிகளின் வரலாற்றைக் கூறும் பகுதியில், யோர்தான் ஆற்றுத் துறையிற் காவல் நின்ற கிலேயாத்தியர், ஆற்றைக் கடக்க வந்த ஒவ்வொருவரையும் 'ஷிபோலேத்' என்று சொல்லச் செய்தனர் என்றும், அதனைச் 'சிபோலேத்' என்று சொன்ன எப்பிராயீமர் கொல்லப்பட்டனர் என்றும், அப்போரில் மாண்டோர் தொகை 42,000 என்றும் காண்கிறோம். நம்மவர் இதற்கு விவிலியம் வரை போகவேண்டியதில்லை. 1983 ஆம் ஆண்டிலே, வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்ன கூட்டங்களைப் பற்றி நம் வீடுகளில் அறியாதார் யார்? அதனைக் குறித்து இங்கே மேலும் எழுத நான் எண்ணவில்லை. ஒரு சொல் நம் நாவில் எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் கொண்டு வாயிலைத் திறப்பதும் மூடுவதும் மிகப் பழைய வழக்கம் என்று நினைவூட்டினாற் போதும். இக்காலத்தில் அவ்வாயில்கள் பலவற்றில் யந்திரம் காவல் நிற்கின்றது. அதற்கு எவரிடத்தும் பகையில்லை. ஆயினும் அது கேட்டுப் புரிந்துகொள்ளாதவர் வெளியே நிற்கவேண்டியதே.

என் பெரியப்பா ஒருவர் 1985 ஆம் ஆண்டிலே ஒல்லாந்துக்குச் சென்று குடியேறியவர். ஹேக் நகருக்கும் டெல்வ்ற் நகருக்கும் அணித்தாகவுள்ள வெஸ்ற்லாந்து என்னும் பகுதியில், கண்ணாடியால் வேய்ந்த தோட்டங்களிலே தக்காளி பறித்துப் பிள்ளைகள் மூவரைப் படிப்பித்து ஆளாக்கினார். அவர் பிறந்த இடம் நெடுந்தீவு. 1658 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடெல்பேர்க் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. பிற பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்துபோக, டெல்வ்ற் என்பது மாத்திரம் ஆங்கிலப் பத்திரங்களில் வேரூன்றிவிட்டது. ஆகவே பெரியப்பாவின் கடவுச்சீட்டிலே பிறந்த ஊர் டெல்வ்ற் என்றே எழுதப்பட்டிருக்கின்றது. அங்குள்ள உத்தியோகத்தர் அதனைக் கண்டு, நாலைந்து மைல் தூரத்திலுள்ள தங்கள் டெல்வ்ற் நகரிலே பிறந்தவர் இத்துணை இடர்ப்பட்டு ஒல்லாந்தமொழி பேசுவானேன் என்று திகைப்பதுண்டாம். இதனை அவர் சொல்லிச் சிரிப்பார்.

2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் நான் அவரிடம் சென்று மூன்று வாரங்கள் தங்கினேன். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்து நான்கு. ஒரு கண்ணிலே திரை படர்ந்து சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். முதியோரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல அங்கே வண்டிச் சேவை உண்டு. தொலைபேசியில் அழைத்து வீதியின் பெயரையும் வீட்டிலக்கத்தையும் சொன்னால் வாசலுக்கே வருவார்கள். அழைப்பை ஏற்றது மனிதரன்று, யந்திரம். அவர் வசித்த வீதியின் பெயர் ஸ்ஹோல்ஸ்த்ராத், அஃதாவது பாடசாலை வீதி. ஒல்லாந்திலே ஊர்தோறும் காணத்தக்க பெயர் இது. பெரியப்பா தெளிவாக, உரக்க, ஆறுதலாகச் சொன்னார்: "இஸ்கோல்ஸ்திராத்து."

வண்டி வரவில்லை. பின்னர் விசாரித்தபொழுதுதான், அது கோல்ஸ்த்ராத் என்னும் வேறொரு வீதிக்குச் சென்று காத்திருந்து திரும்பியதென்று தெரியவந்தது. கோல் என்பது ஒல்லாந்தமொழியிலே கோவாவைக் குறிக்கும். இஸ் என்பதும் அம்மொழியில் ஒரு சொல். 'ஆகும்' என்று பொருள்படுவது. பெரியப்பா சொன்ன பெயரைப் பிளந்து, 'ஆகும் கோவா வீதி' என்று யந்திரம் தன் போக்கிற் பொருள் கொண்டுவிட்டது போலும். சத்திரசிகிச்சை ஆறு கிழமை பிற்போடப்பட்டது.

"தம்பி, முப்பத்துநாலு வருஷமா உந்தத் தெருப் பேரை எல்லாரிட்டையும் சொல்லித்தானே சீவிச்சனான். தபால்காரனுக்கு விளங்கிச்சுது, டொக்டருக்கு விளங்கிச்சுது, உதுக்கு மாத்திரம் விளங்கேல்லையோ?" என்று கேட்டார். அதன் பின்னர் அவ்விலக்கத்திற்கு அவர் தாமாக அழைத்ததில்லை. பேத்தி பள்ளியால் வருமட்டும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவள் அங்கேயே பிறந்தவள். ஒரு முறை சொல்லுவாள், யந்திரம் அடங்கிப் போகும். தம் காலிலே நின்று வாழ்ந்த மனிதர், பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வாயை எதிர்பார்த்து வாசற் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி எனக்கு நெஞ்சை உறுத்தியது.

நான் தமிழாசிரியன். 'இஸ்கோல்ஸ்திராத்து' என்ற அச்சொல் காதில் விழுந்த கணமே எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர், வடமொழிச் சொற்கள் தமிழாகும்பொழுது எவ்வெவ்வாறு திரியும் என்று விதி வகுத்திருக்கின்றார். தமிழில் மொழிக்கு முதலில் நில்லாத எழுத்து வந்தால் அதற்கு முன்னே ஓர் உயிர் வந்து தாங்கும். அவ்வாறே ராமன் இராமனானான், லோகம் உலோகமாயிற்று. மெய்யிரண்டு தமிழ்மரபுக்கு ஒவ்வாத வகையில் நெருங்கி நின்றால் இடையிலே ஓர் உயிர் புகுந்து பிரிக்கும். வக்ரம் வக்கிரமானதும், பத்மம் பதுமமானதும் இதனாலே. வல்லெழுத்திலே சொல் முடிய வந்தால் உகரம் ஒன்று கடைசியிற் சேரும் என்பது நாம் அறிந்ததே. இனிப் பெரியப்பாவின் சொல்லைப் பாருங்கள். முன்னே இகரம் வந்தது; த்ரா என்பது திரா என்று விரிந்தது; ஈற்றிலே உகரம் ஏறியது. அவர் நெடுந்தீவிலே ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், நன்னூலைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும் ஒரே சொல்லில் விதிகள் மூன்றும் வழுவாமல் ஓடின.

காறும் ஓசை போனதேன் என்று கேட்கலாம். இங்கேதான் வேடிக்கை. அவ்வோசைக்கு மிக நெருங்கியது நம்மிடம் இருக்கின்றது. மகன், பகல் என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். இடையில் வரும் ககரம் கல்லிலே வரும் ககரம் அன்று, தொண்டையில் உரசி வரும் மெல்லோசை. ஆனால் அது நமக்கு உயிரிரண்டின் நடுவிலேதான் பிறக்கும். ஸகரத்தின் பின்னே அதற்கு இடமில்லை. அங்கே வல்லென்ற ககரமே வரும். ஓசை பெரியப்பாவிடம் உண்டு; அதனை அந்த இடத்தில் வைக்கத் தமிழ் அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை, அவ்வளவே.

ஒல்லாந்தரும் இவ்விஷயத்தில் நமக்கு இளைத்தவரல்லர். நம் கணேசன் என்ற பெயரிலே வரும் முதலோசை அவர்கள் மொழிக்கு உரியதன்று. அதனை ஆங்கில எழுத்திற் கண்டால் அதே தொண்டை ஓசையைத்தான் போடுவார்கள். விக்கினம் தீர்க்கும் பெருமானின் நாமம் 'ஹணேசன்' என்று வைத்தியசாலைக் கூடத்தில் ஒலித்தபொழுது பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தாதியின் நாவும் தன் தாய்மொழியின் விதிக்கே கட்டுப்பட்டது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயருமாக நம் யாழ்ப்பாணத்தை ஜப்னா ஆக்கியதும், திருகோணமலையை ட்ரிங்கோமலி ஆக்கியதும் இவ்வாறானவையே. ஆளுவோர் பிழையாகச் சொன்னால் அது தேசப்படத்திலே ஏறிவிடுகின்றது. குடியேறிய முதியவர் சொன்னால் வண்டி கோவா வீதிக்குப் போகின்றது.

ஊர் திரும்பிய பின்னர் இவ்விஷயத்தைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் யந்திரத்துக்கு மற்றச் சொற்களைக் காட்டிலும் பெயர்களே பெரும் இடையூறு என்பது அதில் முதலாவது செய்தி. ஏனைய சொற்களை அயலிலுள்ள சொற்களைக் கொண்டு ஊகிக்கலாம். 'மழை' என்று கேட்டபின் வருவது 'பெய்தது' ஆகலாம் என்று யந்திரமும் கணக்கிட்டு அறியும். ஒரு வீதியின் பெயருக்கு அத்தகைய துணையில்லை; பல்லாயிரம் பெயர்களில் எதுவும் அங்கே வரக்கூடும். எழுத்தும் கைகொடாது. கோரின்ஹெம் என்று எழுதப்படும் ஒல்லாந்த நகரை அவ்வூரார் கோர்க்கம் என்பார்கள். பாற்கட்டிக்குப் பேர்பெற்ற கௌடா, அவ்வூரார் வாயிலே ஹௌடா. இத்தகைய பெயர்களை வேற்றுமொழிக்காரர் சொல்லும்பொழுது இடையூறு இருமடங்காகின்றது என்று சொல்லவும் வேண்டுமோ?

பழைய முறையிலமைந்த யந்திரங்களுக்குள்ளே உச்சரிப்பு அகராதி ஒன்று இருக்கும். ஒவ்வொரு பெயரும் எவ்வெவ்வோசைகளால் ஆனது என்று அதில் எழுதிவைத்திருப்பார்கள். எழுதப்பட்டது அவ்வூரில் பிறந்தவர் சொல்லும் உச்சரிப்பு. காதில் விழுந்ததை இதனோடு ஒப்பிட்டு, எது கிட்ட வருகின்றதோ அதனை யந்திரம் தேர்ந்தெடுக்கும். பெரியப்பாவின் சொல் அவ்வகராதியிலே இல்லை. ஆகவே இருப்பதற்குள் கிட்டியது கோவா வீதியாயிற்று.

இக்குறையை ஒல்லாந்தவர் அறியாதிருந்தாரல்லர். 2004 ஆம் ஆண்டு முதல் 2011 ஆம் ஆண்டு வரை ஒல்லாந்தும், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியும் சேர்ந்து, ஒல்லாந்தமொழிக்காக ஸ்ரெவின் என்னும் ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தின. அதன் ஒரு கிளைக்கு ஓட்டோநோமாற்றா என்று பெயர். நைமேகன், கெண்ட், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் அதிற் பங்குகொண்டனர். 240 பேரை அழைத்து, ஆளுக்கு 181 பெயர்களைக் கணினித் திரையில் காட்டி வாசிக்கச் செய்து, குரலைப் பதிவுசெய்தனர். ஆட்பெயர், குடும்பப் பெயர், வீதி, ஊர் எனப் பலவகைப் பெயர்கள் அதிலுண்டு. நாற்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட உச்சரிப்புகள்! அந்த 240 பேரில் அரைவாசிப் பேர் ஒல்லாந்தமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மற்ற அரைவாசிப் பேர் ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி, மொரொக்கோ அரபு ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

இப்பதிவுகளை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை வாசித்தபொழுது, பவணந்தியாரே வந்து கணினியின் முன் அமர்ந்துவிட்டாரோ என்று எண்ணினேன். பெயரின் பொது உச்சரிப்பை ஒருபுறம் வைத்து, மக்கள் உண்மையிற் சொன்னதை மறுபுறம் வைத்து, இன்ன ஓசை இன்ன இடத்தில் இன்னதாகத் திரியும் என்னும் விதிகளை யந்திரமே கற்றுக்கொள்ளச் செய்திருக்கிறார்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நாம் வகுப்பிலே சொல்லும் விகாரம் மூன்றும் அங்கே உண்டு. அவ்விதிகளைக் கொண்டு அகராதியில் ஒரே பெயருக்கு வேறு உச்சரிப்புகளையும் சேர்க்கலாம்.

இவ்வளவு எளிதென்றால் எல்லாருடைய உச்சரிப்பையும் சேர்த்துவிடலாமே எனின், அங்கேதான் சிக்கல். ஸ்ஹோல்ஸ்த்ராத் என்பதற்கு 'இஸ்கோல்' என்ற வடிவத்தையும் ஏற்றுவோம். நாளை உண்மையாகவே கோவா வீதியில் வசிப்பவர் 'இஸ் கோல்ஸ்த்ராத்' என்று சொன்னால், அவருடைய வண்டி பாடசாலை வீதிக்கு வரும்! வடிவங்களைக் கூட்டக் கூட்டப் பெயர்கள் ஒன்றையொன்று போன்று தோன்றத் தொடங்கும். துருக்கிக்காரர் திரிப்பது வேறு, ஆங்கிலேயர் திரிப்பது வேறு. பேசுகின்றவர் எம்மொழியினர் என்று அறிந்தால் மாத்திரமே அவருக்குரிய விதியை எடுத்தாளலாம். பேசுகின்றவர் அந்நியரா, பெயர் அந்நியமா, இரண்டுமா என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். ஒல்லாந்தர் ஒருவர் பிரெஞ்சு வீதியின் பெயரைச் சொல்லுவதும், பிரெஞ்சுக்காரர் ஒல்லாந்த வீதியின் பெயரைச் சொல்லுவதும் ஒன்றல்லவே.

அந்த நான்கு மொழிகளிலே தமிழ் இல்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. துருக்கியரும் மொரொக்கோவினரும் அங்கே பெருந்தொகையினர். நம்மவர் அவர்கள் முன்னே ஒரு கைப்பிடி. எதனையும் ஓரிடத்திற் தொடங்கத்தானே வேண்டும். ஆனால் நம் முதியோர் குரல் எங்கும் பதிவாகாவிட்டால், அவர்களுக்குரிய விதிகளை எந்த யந்திரம் எங்கிருந்து கற்கும்?

இன்றைய யந்திரங்கள் வேறு முறையில் அமைந்தவை. தனியே உச்சரிப்பு அகராதி என்று ஒன்றில்லாமல், குரலிலிருந்து நேரே எழுத்துக்குச் செல்லும் வகையிற் பலவற்றை அமைக்கின்றனர். 2022 ஆம் ஆண்டிலே ஓப்பன்ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் என்பது 6,80,000 மணிநேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது. எண்ணிப் பார்த்தால் எழுபத்தேழு ஆண்டுகள் இரவும் பகலும் ஓயாமற் கேட்பதற்கு ஒப்பாகும். பெரியப்பாவின் ஆயுளுக்குச் சமம்! அந்நியர் பேச்சை இத்தகையவை முன்னையவற்றிலும் நன்றாக விளங்கிக்கொள்கின்றன. ஆயினும் அரிதாக வரும் பெயர் எவ்வளவு கேட்டாலும் அரிதாகவே வரும். ஐயம் நேர்ந்தால் யந்திரம் தான் அடிக்கடி கேட்டுப் பழகியதன் பக்கமே சாயும். இதற்குக் கையாளும் உபாயம் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அழைப்பவர் யார் என்று தெரிந்தால், அவருடைய தொலைபேசியிலே குறித்துவைத்த பெயர்களுக்கு யந்திரம் முன்னுரிமை கொடுக்கும். நம் ஊர்த் தபாற்கந்தோரில் இருந்தவர் பாதி அழிந்த விலாசத்தைப் படித்ததும் இவ்வாறுதானே? இன்னார் இன்னாருக்குத்தான் எழுதுவார் என்பது அவருக்குத் தெரியும்.

வண்டிச் சேவையாரும் இதைச் செய்திருக்கலாம். பெரியப்பா அழைத்த இலக்கமும், அவர் வீட்டு விலாசமும் அவர்களுடைய ஏட்டிலே இருந்தன. அல்லது 'பாடசாலை வீதியா, கோவா வீதியா' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இரண்டு முறை விளங்காவிட்டால் ஒரு மனிதரிடம் அழைப்பைக் கொடுத்திருக்கலாம். செலவைக் குறைக்க யந்திரத்தை வைப்பவர்கள், விளங்காமற்போகும் செலவை முதியவர் கணக்கில் எழுதிவிடுகின்றார்கள் என்பதே என் முறைப்பாடு. எழுபத்து நான்கு வயது நாவை வளைக்கலாம் என்று எண்ணுவதிலும், யந்திரத்தின் காதைத் திருத்தலாம் என்று எண்ணுவது எளிது.

பெரியப்பா தாமாக ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தார். ஒல்லாந்திலே நான்கு இலக்கமும் இரண்டு எழுத்தும் கொண்ட தபாற் குறியீட்டோடு வீட்டிலக்கத்தையும் சொன்னால், வீதியின் பெயரே வேண்டியதில்லை. இலக்கங்கள் பத்தே ஆதலால் யந்திரம் அவற்றிலே அதிகம் தடுமாறுவதில்லை. ஆனால் எட்டு என்பதற்கு அம்மொழியில் 'அஹ்த்' என்பார்கள். அங்கும் அந்தத் தொண்டை ஓசை வந்து நின்றது! "அக்து" என்று அவர் சொல்லும்பொழுதெல்லாம் பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அச்சிறுமி இப்பொழுது பெரியவளாகிப் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டாள். மொசில்லா என்னும் நிறுவனம் 2017 ஆம் ஆண்டிலே தொடக்கிய 'கொமன் வொய்ஸ்' என்றொரு குரற் சேகரம் உண்டு. எவரும் திரையிலே தோன்றும் வாக்கியத்தை வாசித்துத் தம் குரலை அதற்குத் தானமாகக் கொடுக்கலாம். வேறு இருவர் அதனைக் கேட்டுச் சரியென்றால் சேகரத்தில் ஏறும்; யந்திரம் அமைக்க விரும்புவோர் எவரும் அதனை எடுத்தாளலாம். ஒல்லாந்தமொழியும் தமிழும் அதிலுண்டு. அவள் தாத்தாவுக்கு அதனைக் காட்டிக் கொடுத்திருக்கின்றாள். கண் இப்பொழுது நன்றாகத் தெரிகின்றதாம். இராச் சாப்பாட்டுக்குப் பின்னர் மாத்திரை விழுங்குவதற்கு முன்னே, ஒல்லாந்தமொழியிலே பத்து வாக்கியங்கள் வாசிக்கிறார். சொல்லின் முன்னே இகரமும் பின்னே உகரமும் வழக்கம்போல வருகின்றன என்று எழுதியிருந்தாள். திருத்தவேண்டாமென்று பதில் அனுப்பினேன்.